எழுத்தோ குரலோ: புதுச்சேரித் தமிழரின் அன்றாடத் தொடர்பாடலில் ஊடகத் தேர்வும் மொழித் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

அலைபேசியில் ஒருவரை அழைத்துப் பேசுவதா, அவருக்குச் செய்தி எழுதி அனுப்புவதா என்னும் தேர்வு பெரும்பாலும் வசதி, விரைவு, செலவு ஆகியவற்றின் அடிப்படையிலேயே விளக்கப்படுகிறது. தமிழ் போன்ற இருநிலை வழக்குடைய மொழியில் இவ்விளக்கம் போதாது. குரலைத் தேர்வோர் பேச்சுத் தமிழையும் அதன் மரியாதைக் கூறுகளையும் உடன் தேர்கின்றனர். எழுத்தைத் தேர்வோர் அவற்றை இழக்கின்றனர் அல்லது எழுத்துக்குள் புகுத்த முயல்கின்றனர். பிரான்சு நாட்டோடு உறவுத் தொடர்புடைய குடும்பங்கள் வாழும் புதுச்சேரியில் இத்தேர்வு, மூத்தோருக்கும் இளையோருக்கும் இடையே தமிழ் நிலைப்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகிறது. இக்கருத்தை இலக்கியம், வரலாறு, மொழியமைப்பு ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இருநிலை வழக்கு, குறுஞ்செய்தி, தொலைபேசி உரையாடல், ஒலிச்செய்தி, மரியாதை விகுதி, புதுச்சேரி, புலம்பெயர்வு.

1. முன்னுரை

1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. இந்தியாவில் முதல் அலைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசுவால் செய்யப்பட்டது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்குள், செய்தியைத் தாளில் எழுதி நாட்கணக்கில் காத்திருந்த சமூகம், எழுதிய கணமே அது படிக்கப்பட்டதா என்பதை அறியும் நிலைக்கு வந்தது. எழுத்தும் குரலும் ஒரே கருவிக்குள் அடுத்தடுத்த பொத்தான்களாக அமைந்தபின், எதை எப்போது கையாள்வது என்பது நாள்தோறும் எழும் வினாவாயிற்று.

தொடர்பாடல் ஆய்வாளர்களான டாப்டும் லெங்கலும் 1980களில் முன்வைத்த ‘ஊடகச் செறிவு’க் கோட்பாடு இவ்வினாவிற்கு ஒரு விடையளிக்கிறது. பொருள்மயக்கம் மிகுந்த செய்திகளுக்கு உடனடி மறுமொழியும் குரற்குறிப்பும் உள்ள ஊடகம் ஏற்றது. மயக்கமற்ற செய்திகளுக்கு எழுத்தே போதும் என்பது அதன் சாரம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு கோணத்தைக் காட்டியது. பழைய நண்பரோடு மீண்டும் தொடர்புகொள்ளும்போது, பேசுவது கூச்சம் தரும் எனப் பங்கேற்றோர் முன்கூட்டியே எண்ணினர். ஆனால் பேசியவர்களே எழுதியவர்களைவிட மிகுந்த நெருக்கத்தை உணர்ந்தனர். அஞ்சிய அளவு கூச்சம் ஏற்படவில்லை. இவ்விரு விளக்கங்களும், ஒருவர் பேசினும் எழுதினும் ஏறத்தாழ ஒரே மொழிவடிவையே கையாள்கிறார் என்னும் எண்ணத்தை அடியாகக் கொண்டவை. தமிழில் அவ்வாறில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

2. இருநிலை வழக்கும் ஊடகமும்

சார்லஸ் பெர்குசன் 1959இல் வெளியிட்ட கட்டுரை, ஒரே சமூகம் ஒரே மொழியின் இரு வடிவங்களை வெவ்வேறு சூழல்களில் கையாளும் நிலையை ‘இருநிலை வழக்கு’ என விளக்கியது. அக்கோட்பாட்டைத் தமிழோடு பொருத்தி பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் தனி நூலே எழுதினார். தமிழ் இலக்கண மரபுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரமே வழக்கையும் செய்யுளையும் இலக்கணத்தின் இரு அடிப்படைகளாகக் காட்டுகிறது.

அலைபேசிக்கு முன்பு, இவ்விரு வடிவங்களுக்கும் உரிய இடங்கள் ஓரளவு தெளிவாகப் பிரிந்திருந்தன. கடிதம் எழுதியவர் ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கினார். அதே மனிதர் வாசலில் நின்று ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டார். முன்னதைப் பேச்சிலோ பின்னதைக் கடிதத்திலோ கையாண்டால் இயல்பற்றதாகத் தோன்றும். தொலைபேசி இவ்வொழுங்கைக் குலைக்கவில்லை; தொலைவிலிருந்தாலும் அது பேச்சே. குலைத்தது குறுஞ்செய்தி. அது கையால் எழுதப்படுவது. ஆனால் உரையாடலைப் போல மாறிமாறி நிகழ்வது. வடிவத்தால் எழுத்தாகவும் செயலால் பேச்சாகவும் உள்ள இவ்வூடகத்தில் எந்தத் தமிழை எழுதுவது என்பதற்கு மரபு விடை சொல்லவில்லை. ‘வந்துவிட்டேன்’ என எழுதினால் நெருங்கியவர்க்கு அயன்மை தோன்றுகிறது. ‘வந்துட்டேன்’ என எழுதினால் அலுவலக மேலாளர்க்கு மரியாதைக் குறைவாகத் தோன்றக்கூடும்.

3. இலக்கியச் சான்று: மாதவியின் இரு மடல்கள்

குரலும் எழுத்தும் உறவில் எவ்வாறு வேறுபட்டுச் செயல்படுகின்றன என்பதற்குச் சிலப்பதிகாரம் தெளிவான சான்று தருகிறது. கானல்வரியில் கோவலனும் மாதவியும் நேரில் இருந்து, ஒருவர் குரலை ஒருவர் கேட்டே பிரிகின்றனர். கோவலன் பாட்டில் வேறொருத்தி குறிக்கப்பட்டதாக மாதவி கருதுகிறாள். அவள் தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாட, அதை அவன் மெய்யெனக் கொள்கிறான். குரற்குறிப்பு மிகுந்த ஊடகமே இங்கு மயக்கத்தை வளர்த்தது. பாடிய சொல் மறுமுறை கேட்டுத் தெளிய நிற்கவில்லை.

வேனிற்காதையில் மாதவி தாழை மடலில் எழுதி வசந்தமாலை வழி விடுக்கும் முதல் மடலைக் கோவலன் ஏற்க மறுக்கிறான். எழுத்தை மறுப்பது எளிது. எதிரே நிற்பவளின் குரலை மறுப்பதுபோல் அது கடினமன்று. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் கொணரும் இரண்டாம் மடல் மதுரை செல்லும் வழியில் அவனை அடைகிறது. அதைப் படித்தபின் அவன் பிழை தன்னுடையது எனத் தெளிகிறான். மேலும், அம்மடலின் சொற்கள் தன் பெற்றோருக்குத் தானே எழுதியதுபோல் பொருந்துவதைக் கண்டு, அதையே அவர்களிடம் சேர்க்குமாறு திருப்பி அனுப்புகிறான். இன்றைய வழக்கில் இதனை ‘முன்னனுப்புதல்’ எனலாம்.

இப்பகுதிகளிலிருந்து மூன்று பண்புகளைத் தொகுக்கலாம். எழுத்து மறுக்கப்படக்கூடியது, மீண்டும் படிக்கப்படக்கூடியது, எழுதியவர் கருதாத ஒருவரிடமும் சென்று பொருள் தரக்கூடியது. குரலுக்கு இம்மூன்றும் இயல்பாக இல்லை. ஒலிப்பதிவு வந்த பின்னரே இவை குரலுக்கும் ஓரளவு வாய்த்தன.

4. புதுச்சேரியில் பேச்சை எழுதிய மரபு

பேச்சுத் தமிழை எழுத்தில் வைக்கும் செயல் அலைபேசியோடு தொடங்கியதன்று. புதுச்சேரிக்கு இதில் தனியிடம் உண்டு. பிரெஞ்சுக் குழுமத்தின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தம் இறப்புவரை எழுதிய நாட்குறிப்பு, அக்காலப் பேச்சு வழக்கைப் பெருமளவு உட்கொண்டது. ஆளுநர் துய்ப்ளேக்சோடு நிகழ்ந்த உரையாடல்கள், ஊரில் உலவிய செய்திகள், வந்த கடிதங்களின் பொருள் ஆகியன, பாரசீகம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சு முதலிய மொழிச் சொற்கள் கலந்த உரைநடையில் பதிவாகியுள்ளன. பிறர்க்கு எழுதும் கடிதத்தின் மரபுக் கட்டு இல்லாத இடத்தில் பேச்சு எழுத்துக்குள் இயல்பாக நுழைந்தது என்பதை இந்நாட்குறிப்பு உணர்த்துகிறது. நெருங்கியோர்க்கிடையே செல்லும் அலைபேசிச் செய்தியும் அத்தகைய கட்டற்ற இடமே.

இரண்டாவது சான்று பாரதியாருடையது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த அவர், 1918இல் தம் தம்பி விசுவநாதனுக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டாம் என்றும் தமிழிலேயே எழுதுமாறும் கேட்டுக்கொண்டார். தம்பியின் தமிழ் எத்துணைக் கொச்சையாக இருப்பினும் அதைப் படிக்க விழைவதாகவும் குறிப்பிட்டார். பிழையற்ற பிறமொழியைவிடக் கொச்சையான தாய்மொழி உறவுக்கு மேலானது என்னும் இக்கருத்து, நூறாண்டுக்குப் பின் குறுஞ்செய்தித் தமிழைப் பற்றிய விவாதத்திற்கும் பொருந்துகிறது. கொச்சைக்கு அஞ்சிய தமிழர் நல்ல தமிழுக்கு மாறுவதில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்திற்கோ பிரெஞ்சுக்கோ மாறுகின்றனர்.

5. எழுத்தளவும் வரிவடிவமும்

தொடக்கக் காலக் குறுஞ்செய்தியில் தமிழர் பலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதியதற்கு மனநிலை மட்டுமே காரணமன்று. தொழில்நுட்பக் காரணமும் உண்டு. உரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 குறியீடுகளைக் கொள்ளும். தமிழ் உள்ளிட்ட பிற வரிவடிவங்களுக்கு யூனிகோடு முறை தேவைப்படுவதால் அவ்வளவு 70ஆகக் குறைகிறது. அம்முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள். ‘வணக்கம்’ என்பது ஐந்து எழுத்து. ஆனால் ஏழு குறியீடு. ‘வீட்டுக்கு வந்துவிட்டேன்’ என்பதில் எழுத்துகள் பன்னிரண்டே. இடைவெளியோடு சேர்த்துக் குறியீடுகள் 24. அதாவது ஒரு செய்தியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்விரு சொற்களுக்கே செலவாகிறது. தமிழில் எழுதியவர் அதே கட்டணத்தில் குறைவாகவே எழுத முடிந்தது.

உரோமன் எழுத்துத் தமிழில் மனம்–மணம், பல்லி–பள்ளி, வலி–வழி போன்ற வேறுபாடுகள் மறைந்தன; நெடில் குறில் வேறுபாடும் மங்கியது. குரலில் கேட்ட உடனே தெளியும் சொல், திரையில் ஊகிக்க வேண்டியதாயிற்று. இணையவழிச் செய்திச் செயலிகள் பரவியபின் எழுத்தளவு என்னும் தடை நீங்கியது. தமிழ் விசைப்பலகைகளும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆயினும் தடையின் காலத்தில் உருவான பழக்கம் தடை நீங்கிய பின்னும் தொடர்கிறது.

செலவு, குரலையும் கட்டுப்படுத்தியது. 2003இல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வரும்வரை, அலைபேசியில் வரும் அழைப்பை ஏற்றவரும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. அச்சூழலிலும் அதன் பின்னரும் ‘மிஸ்டு கால்’ ஒரு செய்தி வகையாக வளர்ந்தது. ‘வந்து சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடு’ என்னும் தொடரில், சொல்லே இல்லாத மணியொலி முன்கூட்டி உடன்பட்ட பொருளைத் தாங்கியது. 2016க்குப் பின் குரல் அழைப்பு ஏறத்தாழக் கட்டணமற்றதாகியது. எனவே இன்று ஒருவர் அழையாமல் எழுதுவதைச் செலவைக் கொண்டு விளக்க இயலாது.

6. மரியாதை, தொடக்கம், முடிவு

பேச்சுத் தமிழின் மரியாதை பெரிதும் ‘ங்க’ என்னும் உருபிலும் உறவுப்பெயரிலும் தங்கியுள்ளது. ‘சரி’ என்பது செய்தி மட்டும்; ‘சரிங்க’, ‘சரிப்பா’, ‘சரிண்ணா’, ‘சரிம்மா’ என்பன செய்தியோடு உறவையும் சொல்கின்றன. குரலில் ‘சரி’ என்று மட்டும் சொன்னாலும் அதன் நீட்சியும் இழைவும் அன்பைக் காட்டக்கூடும். திரையில் தனித்து நிற்கும் ‘சரி’க்கு அவ்வுதவி இல்லை. மகனிடமிருந்து வரும் அச்சொல்லைத் தாய் சினமாகப் படிக்கும்போது, மகன் விரைவாக மறுமொழி அளித்ததாகவே கருதுகிறான். பிழை இருவரிடமும் இல்லை. பேச்சுக்குரிய சொல் பேச்சின் துணைகள் இன்றி எழுத்தில் நிற்பதே காரணம்.

இதற்கு மறுதலையான பயனும் எழுத்தில் உண்டு. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் இரண்டில் ஒன்றைத் தேராமல் பேச்சுத் தமிழில் ஒருவரிடம் வேண்டுவது அரிது. ‘வா’ என்றோ ‘வாங்க’ என்றோ சொல்லியாக வேண்டும். எழுத்துத் தமிழில் ‘வரவும்’, ‘அனுப்பவும்’ என்னும் வடிவங்கள் உள்ளன. நன்னூல் வியங்கோளை இருதிணைக்கும் ஐம்பாலுக்கும் மூவிடத்திற்கும் பொதுவாக்கியது. அதுபோல இவ்வடிவங்களும் ஒருமை பன்மையை வெளிக்காட்டுவதில்லை. தன்னினும் வயதில் இளைய மேலாளர்க்கோ, உறவுமுறை உறுதிப்படாத புதிய சம்பந்தியர்க்கோ செய்தி எழுதுவோர்க்கு இது பாதுகாப்பான வழி. சிலர் அழைக்கத் தயங்கி எழுத விழைவதற்குக் கூச்சம் மட்டும் காரணமன்று. குரல் கட்டாயப்படுத்தும் மரியாதைத் தேர்விலிருந்து எழுத்து விடுவிக்கிறது. எனினும் ‘வரவும்’ என்பதில் ஆணையின் சாயலும் உண்டு. ஆகவே ‘மாமா, மாலை வரவும்’ என உறவுப்பெயர் முன்னே சேர்க்கப்படுகிறது.

தொலைபேசி உரையாடலின் தொடக்கத்தை இமானுவேல் செக்லாப் 1968இல் ‘அழைப்பு – ஏற்பு’ என்னும் இணையாக விளக்கினார்: மணியொலி அழைப்பு, முதற்சொல் ஏற்பு. தமிழில் அம்முதற்சொல் மாறியுள்ளமை கவனிக்கத்தக்கது. நிலைபேசிக் காலத்தில் ‘அலோ, யாரு பேசறது?’ என்பது பொதுவான தொடக்கம். அழைப்பவர் பெயர் திரையில் தோன்றத் தொடங்கியபின் ‘சொல்லுங்க’ என்பதே தொடக்கமாயிற்று. முன்னது ஆளை அறிய விழைகிறது. பின்னது காரணத்தை அறிய விழைகிறது. ‘சாப்பிட்டாச்சா?’ என நலம் கேட்கவே அழைத்த முதியவர், ‘சொல்லுங்க’ என்ற சொல்லுக்கு முன் காரணம் தேட நேர்கிறது.

முடிவும் அவ்வாறே. தமிழர் விடைபெறும்போது ‘போகிறேன்’ எனச் சொல்லாமல் ‘போய்வருகிறேன்’ என்பர். தொலைபேசியில் அம்மரபு ‘வைக்கட்டுமா?’ என்னும் இசைவு வேண்டலாக வளர்ந்தது. வைப்பதற்குக் கைப்பிடி இல்லாத கருவியிலும் இச்சொல் நிலைக்கிறது. குறுஞ்செய்தியில் முடிவுச்சொல் இல்லை. படிக்கப்பட்டதைக் காட்டும் நீலக்குறி உண்டு. அது இசைவு கேட்பதில்லை. மறுமொழியற்ற நீலக்குறி புறக்கணிப்பாகத் தோன்றுவதற்கு, விடைபெறாமல் எழுந்து செல்வதைத் தவறெனக் கருதும் இம்மரபே காரணம் எனலாம்.

இளைய தலைமுறையினர் சிலரிடம், அழைக்கும் முன் ‘பேசலாமா?’ என எழுதிக் கேட்கும் வழக்கம் உருவாகியுள்ளது. முன்னறிவிப்பற்ற அழைப்பு அவர்களுக்குத் தட்டாமல் திறக்கப்பட்ட கதவு. மூத்தோருக்கோ, முன்னறிவிப்புக் கேட்பதே அயலாரை நடத்தும் முறை. திருமண அழைப்பில் இம்மோதல் நன்கு புலப்படுகிறது. தாம்பூலத்தோடு நேரில் சென்று அழைப்பது மரபு. செல்ல இயலாதபோது, அஞ்சலில் வரும் அழைப்பிதழையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்குமாறு வேண்டும் தொடர் எழுதப்பட்டது. எழுத்து தன் குறையைத் தானே ஒப்புக்கொண்ட இடம் அது. வாட்ஸ்அப்பில் அழைப்பிதழின் படம் வந்தபின், ‘ஒரு போன் கூடப் பண்ணல’ என எழும் மனக்குறை அதே எதிர்பார்ப்பின் தொடர்ச்சியே.

7. கடல் கடந்த குடும்பங்கள்

மேற்கண்டவை பிற தமிழ் நகரங்களுக்கும் பொருந்தும். புதுச்சேரிக்குரிய தனிச்சூழல் பிரான்சுத் தொடர்பால் அமைவது. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறை அளவிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்ட அளவிலும் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவுக்கு மாற்றப்பட்டன. மாற்றத்தின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு அளிக்கப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றோரைப் புதுச்சேரி மக்கள் ‘சொல்தா’ என இன்றும் அழைக்கின்றனர். இத்தகைய குடும்பங்களின் ஒரு கிளை புதுச்சேரியிலும் மற்றொன்று பிரான்சிலுமாக அமைந்துள்ளது.

அக்குடும்பங்களின் மூன்று தலைமுறைகளை நோக்கினால் சிக்கல் விளங்கும். புதுச்சேரியில் வாழும் பாட்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியும்; பிரெஞ்சு தெரியாமலிருக்கலாம். பிரான்சில் வாழும் மகனுக்கு இரண்டும் தெரியும். அங்கே பிறந்த பேரனோ பேத்தியோ வீட்டில் கேட்டு வளர்ந்ததால் பேச்சுத் தமிழைப் புரிந்துகொள்ளலாம். தமிழ் வரிவடிவத்தைப் படிக்க இயலாமலிருக்கலாம். இம்மூவருக்கும் பொதுவாக உள்ள ஒரே மொழிவடிவம் பேச்சுத் தமிழ். அது இயல்பாக வாழும் ஊடகம் குரல். தொடர்பு முழுவதும் எழுத்துக்கு மாறினால் மகன் இடைநின்று மொழிபெயர்க்க வேண்டும், அல்லது பாட்டியும் பேத்தியும் படக்குறிகளை மட்டும் பரிமாறிக்கொள்ள வேண்டும். பேசினால் கிடைத்திருக்கும் தமிழ், எழுதியதால் இழக்கப்படுகிறது. இருநிலை வழக்கில்லாத ஒரு மொழிச் சமூகத்தைவிடத் தமிழ்ச் சமூகத்திற்கு இவ்விழப்பு கூடுதலானது. ஏனெனில் இங்கு எழுத்தைக் கற்பதென்பது, எழுத்துருக்களோடு மற்றொரு மொழிவடிவத்தையும் கற்பதாகும்.

குரலுக்குத் தடையாவது நேரம். புதுச்சேரிக்கும் பாரிசுக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் வேறுபாடு. இங்கு இரவு 9 மணியாகும்போது அங்குக் கோடையில் மாலை 5.30, பணியும் பள்ளியும் முடிந்து வீடு திரும்பும் வேளை. இருவரும் ஓய்ந்திருக்கும் பொழுது குறுகியது.

இவ்விடத்தில் ஒலிச்செய்தி பயன்படுகிறது. வாட்ஸ்அப் செயலியில் 2013இல் அறிமுகமான இவ்வசதி, குரலின் மொழியையும் எழுத்தின் காலத்தையும் இணைக்கிறது. பாட்டி தன் பொழுதில் பேசலாம். பேத்தி தன் பொழுதில் கேட்கலாம். புரியாத சொல்லை மீண்டும் கேட்கலாம். மாதவியின் மடலுக்கிருந்த மறுவாசிப்புத் தன்மை இங்குக் குரலுக்கு வாய்க்கிறது. எழுத்துப் பண்பாட்டைச் சார்ந்து தோன்றும் புதிய வாய்மொழியை வால்டர் ஆங் 1982இல் ‘இரண்டாம் நிலை வாய்மொழி’ என்றார். ஒலிச்செய்தியை அதன் குடும்ப வடிவம் எனக் கொள்ளலாம். ஆயினும் அது உரையாடலுக்கு ஈடாகாது. கேட்பவர் இடையிடையே இடும் ‘ம்’ அதில் இல்லை. அந்த ‘ம்’ இல்லாமல் நெடுநேரம் பேச முதியோர் சிலரால் இயலுவதில்லை.

8. எழுத்தின் நியாயம்

குரலே எங்கும் மேலானது என்னும் முடிவுக்கு இதனால் வரக்கூடாது. செவித்திறன் குறைந்தோருக்குக் குறுஞ்செய்தி திறந்துவிட்ட வாயிலைத் தொலைபேசி ஒருபோதும் திறக்கவில்லை. முகவரி, மருந்தின் பெயர், பணத்தொகை, பயண நேரம் ஆகியன எழுத்திலிருந்தாலே பிழை குறையும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பளித்ததால், எழுதிய செய்தி சான்றாகவும் நிற்கவல்லது. சினத்தின்போது எழுதுவோர் அனுப்பும் முன் ஒருமுறை படித்துத் திருத்தலாம். வாய் தவறிய சொல்லுக்கு அவ்வாய்ப்பு இல்லை. கானல்வரியின் பிரிவு இதற்குச் சான்று.

9. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. தமிழில் அழைப்புக்கும் செய்திக்கும் இடையிலான தேர்வு, ஊடகத் தேர்வாக மட்டுமின்றி மொழிவடிவத் தேர்வாகவும் மரியாதைத் தேர்வாகவும் அமைகிறது.

2. குறுஞ்செய்தியால் எழும் மனக்குறைகளுள் பல, பேச்சுக்குரிய சொற்கள் குரலின் துணையின்றி எழுத்தில் நிற்பதால் விளைபவை. அவற்றை இளையோரின் பண்புக் குறைவாகவோ மூத்தோரின் அறியாமையாகவோ கொள்வது பொருந்தாது.

3. பேச்சுத் தமிழை எழுதுவது மொழிச் சிதைவன்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் பாரதியாரின் கடிதமும் புதுச்சேரியில் அதற்குரிய முன்மரபைக் காட்டுகின்றன.

4. பிரான்சுத் தொடர்புடைய குடும்பங்களில் தலைமுறைகளுக்கிடையே பொதுவாக எஞ்சியிருப்பது பேச்சுத் தமிழ் என்பதால், குரல்வழித் தொடர்பு குறைவது மொழி குறைவதாகவே முடியும்.

பள்ளித் தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதுதல் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. யாருக்கு எழுதுவது, யாரிடம் பேசுவது, நெருங்கியவர்க்கு எந்தத் தமிழில் செய்தி விடுப்பது என்பனவும் அப்பாடத்தின் பகுதியாதல் வேண்டும். தகவல் எழுத்தில் செல்லலாம். நலம் விசாரித்தல் குரலிலேயே நிகழ்வது நன்று. பாட்டியின் தமிழ் பேத்தியின் செவிக்கு எட்டும் வழி இன்று பெரும்பாலும் அது ஒன்றே.